மாலை போட்ட வீட்டில் மீன் எண்ணெய்

அத்தியாயம் 12

அந்த மாத்திரை பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். பொன் நிறம், புளியங்கொட்டை அளவு, உள்ளே இருப்பது அப்படியே தெரியும். ஊக்கு முனையால் ஒரு குத்து, விரலால் ஓர் அழுத்து. வெளியே வருவது மீன் எண்ணெய் என்று மூக்கு சொல்லிவிடும்.

ஐம்பத்தொரு நாளாகப் பச்சையம்மாள் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். வேங்கிக்கால் வீட்டின் பின்புறம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், விடியற்காலை ஐந்தே காலுக்கு. சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில், மகள் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எள்ளுப்பொடி. அதன் மேல் இரண்டு மாத்திரையின் எண்ணெய். அதற்கு மேல் செக்கு நல்லெண்ணெய், தாராளமாக. கீழ்பென்னாத்தூர் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் வாசனைக்கு முன்னால் எந்த மீனும் வாயைத் திறக்காது.

கிண்ணம் அடுப்படிக்குள் போகாது. அது அவளே போட்டுக்கொண்ட சட்டம். அதற்குத் தனி ஸ்பூன், தனி நார், தனி சோப்பு. மாத்திரை டப்பா வாஷிங் மெஷினுக்குப் பின்னால், கந்தல் துணிக்கு அடியில். அடுப்படியைச் சுற்றிக்கொண்டு போய் மகளின் அறை மேசையில் கிண்ணத்தை வைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவாள். ஆக, மாலை போட்ட வீட்டின் அடுப்படி சுத்தமாக இருக்கிறது. தன் மனசாட்சிக்குத் தானே எழுதிக் கொடுத்த சர்ட்டிபிகேட் அது. கையெழுத்தும் அவளுடையதே.

நடுவில் வந்து சேர்ந்தவர்கள் திருதிருவென்று விழிக்கக் கூடாது. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சையம்மாளின் கணவர் முருகையன், அரசு அலுவலகத்தில் ஜீப் டிரைவர். கார்த்திகை முதல் தேதியானால் மாலை போட்டுக்கொள்கிற ஆள். இந்த வருஷம் அவருக்குப் பதினெட்டாவது மலை. பதினெட்டாவது மலைக்குப் போகிறவர் தென்னங்கன்று சுமந்துகொண்டு போவார், திரும்பி வந்தபின் அவரும் குருசாமி. பதினேழு வருஷமாக அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

மகள் தேவிப்ரியாவுக்கு இருபத்திரண்டு வயது, பி.எட். படிக்கிறாள். முகம் முழுக்கப் பரு. வயசுக் கோளாறு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிற பரு இல்லை. சிவந்து, கட்டி தட்டி, தலையணையில் கன்னம் பட்டால் வலிக்கிற பரு. இரண்டு வருஷமாக ஒரு மருந்துக் கடைக்காரர் ஆன்டிபயாடிக் மாத்திரையை அட்டை அட்டையாகக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வயிறு கெட்டதுதான் மிச்சம்.

நவம்பர் இரண்டாவது வாரம் செங்கம் சாலையில் இருக்கிற தோல் டாக்டர் கவிநிலாவிடம் போனார்கள். டாக்டர் முதலில் அந்த மாத்திரையை நிறுத்தினார்.

"நம்ம குடல்ல கோடிக்கணக்குல கிருமிங்க குடியிருக்கு. எல்லாமே கெட்டது இல்ல. நல்லது கெட்டது பாக்காம இந்த மாத்திரை எல்லாத்தையும் காலி பண்ணியிருக்கு. நாம சாப்பிடற கொழுப்பைப் பொறுத்தும் அங்க யாரு தங்கறது, யாரு கிளம்பறதுன்னு மாறும். அங்க நடக்கற கலாட்டா முகத்துலயும் தெரியலாம். தெரியும்னு அடிச்சுச் சொல்லல, தெரியலாம்னுதான் சொல்றேன்" என்றார்.

பால் பவுடர் காபி, பேக்கரி சாமான், எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் கம்மி. பூசுவதற்கு ஒரு க்ரீம். தினமும் இரண்டு மீன் எண்ணெய் மாத்திரை. டாக்டரின் சிநேகிதி ஒருத்தி சென்னையில் இதைத்தான் ஆராய்ச்சி செய்கிறாளாம், அதற்காக ரத்தமும் கொடுத்தார்கள். குடல் சோதனைக்கு ஒரு டப்பாவில் இன்னொன்றும் கொடுத்தார்கள். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனது பச்சையம்மாளுக்கு இன்றைக்கும் கூச்சம்.

வீட்டுக்கு வந்த தேவிப்ரியா சொல்லிவிட்டாள்.

"மீன் மாத்திரை மட்டும் வேணாம்மா. அப்பாவுக்குப் பதினெட்டாவது மலை. நான்தான் மலைக்குப் போக முடியாது, அவரோட விரதமாவது இருக்கேன். பொங்கல் கழிச்சு சாப்பிடறேன். ரெண்டு மாசத்துல என்னா ஆயிடப் போவுது."

நியாயமான பேச்சுதான். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான், பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று "மிஸ், உங்களுக்கு அம்மை போட்டிருக்கா?" என்று அக்கறையாகக் கேட்டிருந்தது. அன்றிலிருந்து ஒன்பது நாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. இன்னும் கொஞ்சம் நாள் போகாவிட்டால் வருஷமே போய்விடும். பெண் அறையைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பதைப் பெற்றவள் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்? பச்சையம்மாள் தானே போய் மாத்திரை டப்பாவை வாங்கி வந்தாள்.

நாலாவது வாரம் கட்டிகள் அமுங்கத் தொடங்கின. பத்தாம் நாள் மாஸ்க் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த தேவிப்ரியா, இப்போது மாஸ்க் இல்லாமல் போனாள். முருகையன் கண் கலங்கி, "எல்லாம் ஐயப்பன் செயல். எம் பொண்ணு விரதம் வீண் போவல" என்றார். பச்சையம்மாள் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் இன்றைக்கு வட்டியோடு திரும்பி வரப் போகிறது.

இன்று காலை பத்து மணிக்கு டாக்டரிடம் மறுபடி காட்ட வேண்டும். சாயங்காலம் வீட்டில் படி பூஜை, பதினைந்து சாமிகளுக்கு அன்னதானம். நாளை மறுநாள் இருமுடி கட்டு.

"சாமி, சீக்கிரம் வந்துடுங்க. சாம்பாருக்கு நான் காய் நறுக்கி வெச்சிடறேன்" என்றார் முருகையன். மாலை போட்டால் அவருக்கு மனைவியும் சாமி, பால்காரரும் சாமி.

"சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பச்சையம்மாள் ஆட்டோ ஏறினாள்.

டாக்டர் கவிநிலா தேவிப்ரியாவின் முகத்தை விளக்குக்கு அடியில் வைத்து, ஒரு பேனா மூடியால் சுட்டிச் சுட்டி எண்ணினார். நெற்றி, கன்னம், தாடை. எண்ணி முடித்ததும் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மொத தடவை அறுபத்து மூணு. இன்னைக்கு இருபத்தி ரெண்டு. வீக்கமும் நல்லா குறைஞ்சிருக்கு. வயிறு எப்படி இருக்கு?"

"இப்போ பரவால்ல டாக்டர்."

"போன வாரம் எடுத்த ரத்தத்தோட ரிசல்ட்டும் வந்துடுச்சு. அதைப் பாத்துதான் எனக்கு சந்தோஷம். நிறைய பேரு மாத்திரையை வாங்கினு போய் அலமாரியில வெச்சிடுவாங்க. நீ ஒழுங்கா சாப்பிட்டிருக்கே. மீன் எண்ணெயில இருக்கற கொழுப்பு, அப்போ இருந்ததுக்கு இப்போ உன் ரத்தத்துல ரெண்டு மடங்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பச்சையம்மாள் மறைத்தது பூசணிக்காய் அளவுகூட இல்லை. அதுவே ஊர் சுற்றிச் சென்னை வரை போய், காகிதத்தில் அச்சாகி வந்து மேசையில் கிடந்தது. ரத்தத்தில் இதெல்லாம் தெரியும் என்று யாருக்குத் தெரியும்? வாங்கிய ரத்தத்தில் சர்க்கரையும் உப்பும் பார்ப்பார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"நான் அந்த மாத்திரையைச் சாப்பிடவே இல்லையே டாக்டர்" என்றாள் தேவிப்ரியா.

"சாப்பிடலையா?"

"எங்கப்பா மாலை போட்டிருக்காரு. பொங்கலுக்கு அப்பறம் சாப்பிடலாம்னு இருந்தேன். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், சாரி டாக்டர்."

"அப்ப மீன் சாப்பிட்டியா?"

"கார்த்திகை ஒண்ணாந் தேதியில இருந்து எங்க வீட்ல முட்டைகூடக் கிடையாது."

"வெளிய எங்கயாவது?"

"நானும் விரதம் டாக்டர்."

டாக்டர் காகிதத்தைத் திரும்ப எடுத்தார். பெயரைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "அப்ப மாறிப் போச்சு. வேற யாரோட ரத்தமோ உன் பேருல ஏறியிருக்கு" என்றார்.

பச்சையம்மாளுக்கு மூச்சு வந்தது. சாமியே பார்த்து ஒரு கதவைத் திறந்துவிட்டது போலிருந்தது. பேசாமல் எழுந்து போய்விட்டால் போதும்.

"ஒரு நிமிஷம்" என்று டாக்டர் மணியை அழுத்தினார். ரத்தம் எடுக்கிற பெண் வந்து நின்றாள். இருபது வயதிருக்கும். "அன்னைக்கு லேபிள் ஒட்டினது நீதானே? தேவிப்ரியா சாம்பிள் மாறியிருக்கு. ஒண்ணு மாறியிருந்தா இன்னொண்ணும் மாறியிருக்கும். அன்னைக்கு எடுத்த இருபது பேரோடதையும் திரும்ப எடுக்கணும். இப்படிப் பண்ணா எப்படிம்மா?"

"பாத்துதான் மேடம் ஒட்டினேன்."

"பாத்து ஒட்டினா எப்படி மாறும்?"

அந்தப் பெண்ணின் கண் நிரம்பிவிட்டது. ஊரார் பிள்ளை ஒருத்தி தன் திருட்டுக்கு அடி வாங்கிக்கொண்டு நிற்கிறாள். பச்சையம்மாளுக்குப் பொய் சொல்ல வருமே தவிர, பழியை அடுத்தவள் தலையில் இறக்கி வைக்க வராது.

"மாறலைங்க" என்றாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் டாக்டரை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான்தான் கொடுத்தேன். எள்ளுப்பொடியில கலந்து. தெனம் ரெண்டு மாத்திரை."

தேவிப்ரியா நாற்காலியிலிருந்து அசையவில்லை. ரத்தம் எடுக்கிற பெண்ணை டாக்டர் மெதுவாக, "சாரிம்மா, நீ போ" என்று அனுப்பினார். பிறகு பச்சையம்மாள் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கடல் பாசியில இருந்து எடுக்கற மாத்திரை இருக்கு. மீனே அந்தப் பாசியைத் தின்னுதான் அந்தக் கொழுப்பைச் சேத்துக்குது. சுத்த சைவம். சென்னையில இருந்து நாலு நாள்ல வரவழைச்சுக் கொடுத்திருப்பேன்."

நாலு நாள். பச்சையம்மாள் அதை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஐம்பத்தொரு நாள் விடியற்காலைப் பனியில் திருடியதற்கு, நாலு நாள் பொறுத்திருந்தால் போதும்.

"அதனாலதானே முகம் சரியாச்சு?" என்று கேட்டாள். அந்த ஒன்றையாவது கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"தெரியாதுங்க. பழைய மாத்திரையை நிறுத்தினோம், வயிறு தேறிச்சு. க்ரீம் போடறா. பொரிச்சது, இனிப்பு, பால் எல்லாம் குறைஞ்சிருக்கு. விரதம்னு வேளாவேளைக்கு வீட்டுச் சாப்பாடு. நடுவுல இந்த எண்ணெய். எல்லாம் ஒரே நேரத்துல நடந்திருக்கு. இதுல எது எவ்ளோ வேலை செஞ்சுதுன்னு என்னால சொல்ல முடியாது."

"அது இல்லாமலே சரியாயிருக்குமா?"

"ஆயிருக்கலாம். ஆகாமயும் போயிருக்கலாம்."

ஆட்டோ போளூர் சாலையைப் பிடித்தது. எதிரில் சிவப்புப் புடவைக் கூட்டத்தோடு இரண்டு பஸ், அதன் பின்னால் கறுப்பு வேட்டிகளோடு ஆந்திராப் பதிவெண் வேன் ஒன்று. ஆட்டோ ஒதுங்கி நின்றபோதுதான் தேவிப்ரியா வாயைத் திறந்தாள்.

"நான் வேணாம்னு சொன்னேன் இல்ல?"

"உன் நல்லதுக்குத்தான்டி."

"என் வாயில என்னா போவுதுன்னு எனக்குத் தெரிய வேணாமா? அஞ்சாறு வயசுக் கொழந்தையா நானு, சோத்துல மருந்தைப் பெசஞ்சு ஊட்டறதுக்கு?"

"ஒம்போது நாளு கதவைச் சாத்திக்கினு படுத்திருந்தியே. நான் என்னா பண்ணுவேன்?"

"பொலம்பு. சண்டை போடு. அடி. திருட்டுத்தனம் பண்ணாத." குரல் உயரவில்லை. அதுதான் பச்சையம்மாளைப் பயமுறுத்தியது. "தெனம் காலையில குளிச்சிட்டு, அப்பா பக்கத்துல நின்னு சரணம் சொன்னேன். வாயில மீனை வெச்சிக்கினு. உனக்கு ஒரு நாள்கூட உறுத்தலையா?"

உறுத்தியது. தினமும் உறுத்தியது. ஆனால் தினமும் ஒரு பரு குறைந்துகொண்டும் வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று பச்சையம்மாளுக்குத் தெரியவில்லை.

"அப்பாகிட்ட சொல்லப் போறியா?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ சொல்லு. அவரு மலை ஏறதுக்கு முன்னாடி சொல்லு. நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

பச்சையம்மாளின் கண்ணெதிரே தராசின் இரண்டு தட்டும் ஆடின. சொன்னால், வீட்டில் தீட்டு என்று மனிதர் மாலையைக் கழற்றிவிட்டால், பதினேழு வருஷத் தவம் கடைசிப் படியில் கவிழும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் இனி தன் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள்.

மத்தியானம் முழுக்க வேலை சரியாக இருந்தது. சாம்பார், கூட்டு, உருளைக்கிழங்கு, பாயசம், வடை. எள்ளுப்பொடி டப்பாவை மட்டும் தேவிப்ரியா எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் கொட்டினாள். டப்பாவில் இருந்தது வெறும் பொடிதான், அதில் ஒன்றும் கலக்கவில்லை என்று பச்சையம்மாள் சொல்லவில்லை. அவள் பேச்சுக்கு இன்றைக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை.

ஆறு மணிக்கு ராஜமாணிக்கம் குருசாமி வந்தார். முருகையனைப் பதினேழு வருஷமாகக் கூட்டிப் போகிறவர். கூடத்தில் வாழைப் பட்டையால் பதினெட்டுப் படி கட்டி, படிக்கு ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். ஓரத்தில் மஞ்சள் துணி சுற்றிய தென்னங்கன்று. சாமிகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

"தேவிம்மா, இங்க வா" என்று முருகையன் கூப்பிட்டார். மகளை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார். "குருசாமி, எம் பொண்ணு முகத்தைப் பாருங்க. கார்த்திகைக்கு முன்னால பாத்தவங்க இருக்கீங்க இல்ல? எங்கூட விரதம் இருந்தா. ரெண்டு வருஷம் மாத்திரை தின்னும் ஆவாதது, ஐயன் அம்பது நாள்ல பண்ணிட்டான்."

"சாமி சரணம்" என்றார் குருசாமி.

"அதுக்காக இவ பேருல இன்னொரு நெய்த்தேங்கா எடுத்துக்கினு போறேன் சாமி. நாளன்னைக்கு இருமுடி கட்டறப்போ, அந்தத் தேங்காவுக்கு இவளே நெய் ஊத்தட்டும்."

பதினைந்து பேரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். தேவிப்ரியா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"என்னாம்மா, ஊத்தறியா?"

 அவள் மெதுவாகத் திரும்பி, அடுப்படிக் கதவருகே நின்ற தாயைப் பார்த்தாள். இனி ஒரு நொடி தாண்டினால் அவள் வாயைத் திறந்துவிடுவாள், அத்தனை பேருக்கு நடுவில். பச்சையம்மாளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"ஏங்க" என்றாள். "ஒரு நிமிஷம் பின்னால வாங்க."

முருகையன் திடுக்கிட்டுப் பார்த்தார். ஐம்பது நாளாக அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது.

துணி துவைக்கிற கல்லருகே நின்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை, ஊக்கு, கிண்ணம், டாக்டரின் காகிதம். நடுவில் அழவில்லை, அழுதால் பாதியில் நின்றுவிடும் என்று பயம். வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினாள். அவர் அதைத் தொடவில்லை. எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, மேலே அச்சடித்திருந்த மீன் படத்தை வெகு நேரம் பார்த்தார். தேவிப்ரியாவும் வந்து வாசல்படியில் நின்றாள்.

"அடுப்படிக்குள்ள வெச்சியா?"

"ஒரு நாளும் இல்லீங்க. இந்தக் கல்லாண்டயே கலந்து, இங்கயே கழுவிடுவேன்."

"என் இலைக்கு வந்துச்சா?"

"வரவே இல்லீங்க. அவ கிண்ணம் தனி. அதோ அண்ணாமலையார் சாட்சியா சொல்றேன்."

இருட்டத் தொடங்கிய வானத்தில் மலை தெரிந்தது. அவள் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். முருகையனும் பார்த்தார்.

"போதும் விடு, சத்தியம் எல்லாம் வேணாம்." அவர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு துண்டால் துடைத்துக்கொண்டு, "அப்ப என் விரதம் கெடல. கெடல இல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"கெடலைங்க."

"எனக்கு ஏன் பயம்னா, பதினேழு தடவை போயிட்டு வந்தாச்சு. ஒரு தடவைகூட மனசுல கறையோட படி ஏறினதில்ல." பெரிய மூச்சு ஒன்று விட்டார். மனைவியைத் திட்டுவார் என்று நினைத்தால், அவர் மகள் பக்கம் திரும்பினார். "நீ தெரியாம சாப்பிட்டது. தெரியாம செஞ்சதுக்கு ஐயன் கணக்கு வெச்சிக்க மாட்டான். நெய்யி நீயே ஊத்தணும். உங்கம்மாகிட்ட நான் மலைக்குப் போய்ட்டு வந்து பேசிக்கறேன்."

அவர் நிமிர்ந்து, நெற்றிச் சந்தனத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். கூடத்தில் சரண கோஷம் எழுந்தது. பச்சையம்மாள் கல்லின் மேல் உட்கார்ந்தாள்.  நெஞ்சு லேசாகியிருந்தது. மனிதர் கெட்டவர் இல்லை. பெரிய மனசு. அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

தேவிப்ரியா படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"ம்மா. போன மாசம் உனக்குக் காய்ச்சல் வந்துச்சே."

"ஆமா. மூணு நாளு."

"மொத நாள் காலையில என் கிண்ணத்தை மேசையில வெச்சிட்டுத்தான் போய்ப் படுத்தே. எழுந்திரிக்கவே இல்ல."

"இப்ப எதுக்கு அது?"

"அப்பாவுக்கு ஆபீசுக்கு லேட்டு. எனக்குச் சட்னி அரைக்க நேரமில்ல." தேவிப்ரியா கிண்ணம் கழுவுகிற இடத்தைப் பார்த்தாள். "என் கிண்ணத்தை எடுத்தாந்து அவரு இலையில கவுத்தேன். பொடி நல்லா இருக்கேன்னு இன்னும் ரெண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

பச்சையம்மாள் மலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

"காலையில டாக்டர் சொன்னதுல இருந்து இதான் மண்டைக்குள்ள ஓடிக்கினே இருக்கு. நீ சொல்லுவேன்னு பாத்தேன். உனக்கே தெரியல." கன்னத்தில் வழிந்ததை அவள் அழுத்தித் துடைக்கவில்லை, பருவுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரலால் ஒற்றிக்கொண்டாள். "அப்பா விரதத்தை என் கையாலயே கெடுக்க வெச்சிட்டியேம்மா."

"தேவி, அவரு இப்பதான் நிம்மதியா உள்ள போயிருக்காரு."

"தெரியும். இதை நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

யாரும் சொல்ல வேண்டாம் என்று சொல்லத்தான் பச்சையம்மாள் வாயெடுத்தாள். ஐம்பத்தொரு நாளாகப் பழகிய வாய். மகளின் முகத்தைப் பார்த்ததும் அது எழும்பவில்லை.

உள்ளேயிருந்து முருகையனின் குரல் கேட்டது. சந்தோஷமான குரல்.

"தேவிம்மா, தீப்பெட்டி எடுத்தா. மொதப் படி வெளக்கை நீதான் ஏத்தணும்னு குருசாமி சொல்றாரு."

தேவிப்ரியா இன்னும் ஒரு கணம் தாயின் பதிலுக்காக நின்று பார்த்தாள். பிறகு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.